சோனி ரிசீவருக்கு ‘ஆன் மட்டும்’, ‘ஆஃப் மட்டும்’ ரிமோட் கோடு உண்டா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் சோனி எஸ்டிஆர் வரிசை ரிசீவர் (டிவி ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று இருக்கிறது. வாங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒலி இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்காகத்தான் கேட்கிறேன். அவருக்கு 76 வயது, பார்வை மங்கல். டிவி, செட்டாப் பாக்ஸ், ரிசீவர் என்று மூன்று ரிமோட்டையும் தடவித் தடவிச் சலித்துப்போனார். அதனால் ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கணினி போர்டு ஒன்று, ரிமோட்டில் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் சிக்னல் அனுப்பும் ஐஆர் எல்ஈடி ஒன்று, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று, இவற்றை வைத்து ஒரு பெட்டி செய்துகொடுத்தேன். அமுக்கினால் மூன்றும் ஆன் ஆகவேண்டும்.

சிக்கல் ரிசீவரில்தான். அதன் ரிமோட்டில் பவருக்கு ஒரே பொத்தான். ஆனில் இருந்தால் ஆஃப் ஆகும், ஆஃபில் இருந்தால் ஆன் ஆகும். நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. டிவியில் படம் ஓடும், சத்தம் இருக்காது. அப்பா திரும்ப அமுக்கமாட்டார், ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, நான் வேலை முடிந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். போன வாரம் இரண்டு நாள் இப்படி ஆனது. எனக்கு மனசே கேட்கவில்லை.

டிஎஸ்ஓபி1738 என்ற ஐஆர் உணரியை வைத்து ரிமோட்டின் சிக்னலைப் படித்தேன். பவர் ஏ81, வால்யூம் கூட்ட 481, குறைக்க சி81, எல்லாம் 12 பிட் (பன்னிரண்டு 0, 1 இலக்கங்கள்), ஹெக்ஸ் எனும் பதினாறடிமான எண்ணாகச் சுருக்கி எழுதியிருக்கிறேன். வால்யூமை போர்டிலிருந்து அனுப்பினால் வேலை செய்கிறது. பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்று ஏ82, ஏ83 என வரிசையாக இருபது எண் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கையேட்டிலும் எதுவும் இல்லை. தனித்தனி ஆன், ஆஃப் கோடு இந்த ரிசீவரில் இருக்குமா?

நாற்பது கிலோஹெர்ட்ஸ் எழுதியது:

இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நீங்கள் தேடியதுதான் வேறு தெருவில்.

சோனியின் சிக்னலில் முதலில் 7 பிட் கட்டளை, அடுத்து 5 பிட் கருவி எண் வரும். இரண்டுமே சின்ன பிட்டிலிருந்து தொடங்கும், அதாவது நாம் எழுதும் முறைக்குத் தலைகீழ். உங்கள் ஏ81ஐ 0, 1 ஆக எழுதிப் பிரித்தால் 1010100, 00001. இரண்டையும் திருப்பிப் படியுங்கள்: 0010101, 10000. கட்டளை 21, கருவி எண் 16. கருவி 16 என்றால் ஆம்ப்ளிஃபயர், கட்டளை 21 என்றால் பவர் மாற்று. இதே முறையில் 481 என்பது கட்டளை 18, சி81 என்பது 19.

நீங்கள் கடைசி இலக்கத்தைக் கூட்டினீர்கள். அதனால் கட்டளை மாறவில்லை, கருவி எண்தான் மாறியது. ஏ82 போனது கருவி 8க்கு, ஏ83 போனது கருவி 24க்கு. ரிசீவர் பேசாமல் இருந்தது சரிதான், அதைக் கூப்பிடவே இல்லையே.

சோனி டிவிகளில் பல காலமாக 46 ஆன், 47 ஆஃப். ரிசீவர்களிலும் இதே எண்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கருவி 16க்கு எழுதினால் 46 என்பது 741, 47 என்பது எஃப்41. இவை இரண்டையும் முதலில் அனுப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு தடவை மட்டும் அனுப்பினால் சோனி கருவிகள் பொதுவாகக் கண்டுகொள்ளாது. 45 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகக் குறைந்தது மூன்று முறை போகவேண்டும். வால்யூமை நீங்கள் லூப்பில் அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் அது பிழைத்தது.

மலைக்கோட்டை ரேடியோ எழுதியது:

தம்பி, 46, 47 எடுபடாவிட்டால் மனம் தளரவேண்டாம். 7 பிட் என்றால் மொத்தமே 128 கட்டளைதான். மூன்று செகண்டுக்கு ஒன்று அனுப்பினால் ஏழு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். என்இசி என்ற வேறொரு ரிமோட் முறைக்காரர்களுக்கு ஒரு கருவி முகவரிக்கு 256, நமக்குப் பாதிதான்.

ஆனால் ஒழுங்கோடு செய்யவேண்டும். முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கர் அளவு, தூரம், பாஸ், டிரெபிள் என்று இப்போது என்ன வைத்திருக்கிறீர்களோ எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தெரியாத கட்டளை ஒன்று அவற்றில் எதையாவது மாற்றிவிட்டால் திரும்ப வைக்க வேண்டுமே. தெரிந்த 18, 19, 21 மூன்றையும் தாண்டிப்போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் பவர் போய் மீதி எல்லாம் வீணாகும். போன் கேமராவை ரிசீவரின் டிஸ்பிளே மேல் திருப்பி வீடியோ எடுங்கள். கண்ணால் பார்த்து எழுதினால் பாதி தவறிப்போகும், நான் பட்டிருக்கிறேன். அந்தந்த எண்ணை வாயால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனால் வீடியோவில் பதிந்துவிடும்.

ரிசீவர் ஆனில் ஒருமுறை, ஸ்டாண்ட்பையில் ஒருமுறை, இரண்டு சுற்று ஓட்டுங்கள். ‘ஆன் மட்டும்’ கட்டளை ஏற்கெனவே ஆனில் இருக்கும் ரிசீவரில் எதையும் காட்டாது. அது ஸ்டாண்ட்பை சுற்றில்தான் மாட்டும். இதை மறந்துதான் பலர் கோடே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வைகைக்கரை எழுதியது:

நாற்பது கிலோஹெர்ட்ஸ் அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆமாம், வால்யூம் மட்டும்தான் லூப்பில் இருந்தது, தேடியவற்றை ஒவ்வொரு முறைதான் அனுப்பினேன். நேற்று ராத்திரி 741ஐ மூன்று முறை அனுப்பினேன், ரிசீவருக்குள் இருக்கும் ரிலே (மின் சுவிட்ச்) ‘டக்’ என்றது, ஆன் ஆனது. மறுபடி அனுப்பினேன், அசையவில்லை, ஆனிலேயே இருந்தது. எஃப்41 அனுப்பினால் ஆஃப். ஐந்தாறு முறை மாற்றி மாற்றிச் சோதித்தேன்.

மலைக்கோட்டை சார் சொன்னபடி இன்று காலை இரண்டு சுற்றும் ஓட்டினேன். ரிமோட்டில் இன்புட்டை மாற்ற ஒரே பொத்தான்தான், அமுக்க அமுக்கச் சுற்றிவரும். தேடலில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேரடிக் கோடு கிடைத்தது! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இனி சிவப்புப் பொத்தான் ரிசீவரை ஆன் செய்து, டிவி இன்புட்டுக்கு மாற்றி, வால்யூமை 19 கொண்டு அடிவரை இறக்கி, பிறகு 18ஐ எண்ணி அப்பாவுக்குப் பழகிய அளவுக்கு ஏற்றும். முன்பு என்ன நிலையில் இருந்தது என்ற கவலையே இல்லை.

நாற்பது கிலோஹெர்ட்ஸ் எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி. ஆன் அனுப்பியதும் இன்புட் கோடை உடனே அனுப்பாதீர்கள். ரிலே விழுந்து ரிசீவர் தயாராகச் சில செகண்ட் ஆகும், அதற்குள் போனது வீண். அப்புறம், சில எஸ்டிஆர் ரிசீவர்களில் ரிமோட் முறை ஏவி1, ஏவி2 என்று இரண்டு உண்டு. என்றாவது திடீரென எதற்குமே பதில் வராவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஐந்து செகண்ட் இடைவெளி வைத்துவிட்டேன், சரியாக வருகிறது. சாயங்காலம் வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டு, அப்பாவை அமுக்கச் சொன்னேன். செய்தி வாசிப்பவர் குரல் வந்ததும் “இன்னொரு தடவை அமுக்கினா நின்னுடுமா?” என்று கேட்டார். அமுக்குங்கள் என்றேன். இன்புட் அங்கேயே நின்றது, வால்யூம் ஒரு தடவை இறங்கி ஏறியது, குரல் தொடர்ந்தது. மூன்றாவது தடவையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார்.