‘என் மூளை’ என்று சொல்பவன் யார்?

அல்சூர்வாசி:
பெங்களூரில் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் வளாகத்தில் உள்ள மூளை அருங்காட்சியகத்துக்கு என் மகளுடன் சென்றிருந்தேன். உண்மையான மனித மூளையை அங்கே தொட்டுப் பார்க்கலாம். அதைத் தொட்ட மகள், “அப்பா, இது ஒருவருடைய மூளையா, அல்லது அந்த ஒருவரேதானா?” என்று கேட்டாள். வீடு வந்து சேரும்வரை நான் பதில் சொல்லவில்லை. மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், ஆன்மா உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று ‘எனதுடல் என்றலின்’ என்பதாகும். என் வீடு என்பவன் வீட்டுக்கு வேறானவன். அவ்வாறே என் உடல் என்பவன் உடலுக்கு வேறானவன். அப்படியாயின், என் மூளை என்பவன் மூளைக்கும் வேறானவனா? பேச்சுவழக்கைக் கொண்டு ஒரு பொருளின் இருப்பை நிறுவிவிட முடியுமா?

மல்லேஸ்வரம் மாமா:
முடியாது என்றே கருதுகிறேன். ‘என் உடல்’ என்று சொல்லும் அதே நாக்குதான் ‘நான் இளைத்துவிட்டேன்’, ‘நான் படியில் வழுக்கி விழுந்தேன்’ என்றும் சொல்கிறது. விழுந்தது உடல்தானே? கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற உலகாயதர் இத்தகைய வழக்கையே சான்றாகக் காட்டி உடலே ஆன்மா என்று வாதிட்டனர். போதாக்குறைக்கு ‘என் ஆன்மா’ என்றும் சொல்கிறோம்; அதற்கு உடையவன் யார்? ஆனால் மெய்கண்டார் சொல்வழக்கோடு நின்றுவிடவில்லை. அதே சூத்திரத்தில் ‘கண்படில் உண்டிவினை இன்மையின்’ என்கிறார். உறங்குபவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டே இருந்தும் நுகர்ச்சியோ செயலோ இல்லை. ஆகவே மூச்சு ஆன்மா அன்று என்பது கருத்து. கண்டதிலிருந்து எழுந்த வாதம் என்பதால் எனக்கு இதுவே வலிமையானதாகத் தோன்றுகிறது.

நரம்பியல் மாணவி:
‘எனது’ என்னும் உணர்வையே சோதனைக்கு உட்படுத்தியிருக்கிறார்கள், ஐயா. பாட்வினிக், கோஹன் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவரின் கையைத் திரைக்குப் பின் மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சற்று நேரத்தில், வருடலை ரப்பர் கையிலேயே உணர்வதாகவும், அது தம்முடைய கையே போல் இருப்பதாகவும் பங்கேற்றோர் கூறினர். கண் காண்பதும் தோல் உணர்வதும் ஒத்துப்போகும்போது மூளை ‘எனது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. அப்படி எளிதில் ஏமாறும் உணர்வை ஆன்மாவுக்குச் சாட்சியாக நிறுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அல்சூர்வாசி:
நன்றி, அம்மா. ஆயினும் அச்சோதனையில் இடம் மாறியது ‘எனது’ மட்டுமே. தாம் வேறொருவராகிவிட்டதாக எவரும் சொல்லவில்லையே! கையை இழந்தாலும் மயங்கினாலும், மயங்கும் ‘நான்’ இருந்த இடத்தில்தான் இருக்கிறேன்.

நரம்பியல் மாணவி:
இருந்த இடத்திலா? 2002-இல் ஓலாஃப் பிளாங்கேயும் உடன் பணியாற்றியவர்களும், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண் ஒருவரின் மூளையில், வலப்புறக் கோண மடிப்பு எனப்படும் பகுதியை மின்சாரத்தால் தூண்டியதைப் பதிவு செய்துள்ளனர். தாம் மேலே மிதப்பதாகவும், கட்டிலில் கிடக்கும் தம் உடலை அங்கிருந்து பார்ப்பதாகவும் அவர் கூறினார். கண்டவர் ஒருவர் இருந்தார் அல்லவா என்று சித்தாந்திகள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் ‘கண்டவர்’ எங்கே இருந்தார் என்பதை ஒரு மின்முனை மாற்றியிருக்கிறது. இன்னொன்று: மேலிருந்து பார்த்த அவருக்குத் தம் கால்களும் உடலின் கீழ்ப்பகுதியும் மட்டுமே தெரிந்தன.