கலைத்துறைத் தம்பதிகள்: அருகிலிருந்து பார்த்தவை

உதவி எடிட்டர் ஒருவர்:

நான் வேலை செய்த ஒரு படத்தில் இயக்குநரும் எடிட்டரும் கணவன் மனைவி. சேரும் முன்பே பலர் பயமுறுத்தினார்கள், வீட்டுச் சண்டையெல்லாம் எடிட் அறைக்கு வந்துவிடும் என்று. நான் கண்டது வேறு. அறைக்குள் இருவரும் ஒருவரையொருவர் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் கட் முடியும்வரை சார் உள்ளே காலெடுத்து வைக்கவே மாட்டார்.

ஒரு மழைக்காட்சி. ராத்திரி முழுக்க நனைந்து எடுத்த கிரேன் ஷாட் அது, சாருக்கு அதன்மேல் உயிர். மேடம் அதைத் தூக்கிவிட்டு, அடுத்த காட்சியின் ரயில் சத்தத்தை நாயகியின் முகத்தின் மேலேயே ஓடவிட்டிருந்தார். சார் மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

"அந்த ஷாட் இல்லாம எனக்கு மூச்சு முட்டுது மேடம்."

"உங்களுக்கு முட்டுது சார். கதைக்கு முட்டலையே."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குக் கை நடுங்கியது. சாயங்காலம் திரும்பி வந்தவர், "சரி, அந்த ரயில் சத்தம் இன்னும் கொஞ்சம் முன்னாடியே வரட்டும்" என்றார். ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

படம் வெளியானபோது ஒரு பேட்டியில் மேடத்திடம், "கணவருக்கு எப்படியெல்லாம் உதவி செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "உதவி இல்லைங்க, வேலை. சம்பளம் வாங்கியிருக்கேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்தது. திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கை 1926-ல் மணந்த ஆல்மா ரெவில், அதற்கு முன்பே படத்தொகுப்பில் கைதேர்ந்தவர். 1979-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாள் சாதனை விருது வாங்கியபோது ஹிட்ச்காக் நான்கு பேருக்கு நன்றி சொன்னார். ஒரு படத்தொகுப்பாளர், ஒரு திரைக்கதை எழுத்தாளர், தன் மகளின் தாய், ஓர் அருமையான சமையல்காரர். நால்வரும் ஆல்மாதான். அழகான பேச்சு, கேட்டால் கண் கலங்கும். ஆனாலும் ஆல்மா உழைத்த பல படங்களின் டைட்டிலில் அவர் பெயர் வரவில்லை. என்னைக் கேட்டால், அன்பை மேடையில் சொல்வதைவிட உழைத்தவர் பெயரை டைட்டிலில் போடுவது முக்கியம்.

மேடை நடிகை ஒருவர்:

பெயர் விஷயம் சரிதான். எங்கள் வீட்டில் வந்த பிரச்சினை வேறு மாதிரி. என் கணவர் நாடகம் எழுதுகிறார், நான் நடிக்கிறேன். ஒருமுறை புது நாடகத்தின் ஒத்திகையில் பிரதியை வாசித்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அது எங்கள் பெரிய சண்டை ஒன்றில், அழுதுகொண்டே நான் சொன்ன வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. எதிரே நின்ற நடிகர் அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கிறார், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பிரதியை மூடி வைத்துவிட்டேன்.

அன்றிரவு அவர், "அது நல்ல வசனம், அதனாலதான்" என்றார். "நல்ல வசனம்தான், ஆனா அது என்னோடது" என்றேன். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் கஷ்டம். எழுதுகிறவருக்குத் தன் வாழ்க்கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்த வாழ்க்கையில் பாதி எனக்குச் சொந்தம். இப்போதெல்லாம் அப்படி ஏதாவது எழுதினால் ஒத்திகைக்கு முன் என்னிடம் தருகிறார். சிலதை விட்டுவிடுவேன், சிலதை அடிப்பேன். அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன். மேடையில் அதைப் பேசும் ஒவ்வொரு முறையும் கூட்டம் அமைதியாகிறது, எனக்கும் அதில் பெருமை உண்டு.

பொறாமையும் வரும், மறைக்க என்ன இருக்கிறது? என் நாடகம் நன்றாகப் போன ஒரு நாள், அவருடைய பிரதி திரும்பி வந்திருந்தது. "இன்னைக்கு என்னால சந்தோஷப்பட முடியல. நாளைக்குப் படுறேன்" என்றார். பொய்யாகச் சிரித்திருந்தால்தான் எனக்கு வலித்திருக்கும்.

பழைய படங்களின் ரசிகர்:

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், அவர் மனைவி டி.ஏ.மதுரம் பற்றி யாரும் சொல்லவில்லையே! என் பெரியப்பா அவர்கள் நகைச்சுவைக்காகவே படத்துக்குப் போவாராம். மதுரம் சும்மா ஜோடிக்கு நின்றவர் இல்லை, பாட்டிலும் பேச்சிலும் கலைவாணருக்கு ஈடு கொடுத்தவர். 1944-ல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். 1947-ல்தான் விடுதலை. கணவர் சிறையில் இருந்த காலத்தில் மதுரம் ஒடுங்கி உட்கார்ந்துவிடவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணைநிற்க, என்.எஸ்.கே. பெயரிலேயே நாடக சபா நடந்தது. அந்த நாடகங்களில் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தபோது கலைவாணர் வெளியே வந்தார். அவருக்கென்று அந்தப் படத்தில் புதிதாக ஒரு வேடத்தைச் சேர்த்தார்கள்.