புதுப்பிப்பு: தேனிலவு, ஐந்தாவது வாரம்

கல்யாணம் முடிந்த கையோடு ஏழு வாரம் ஐரோப்பா போகிறோம், யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போக ஒரே சீட்டு) வாங்கலாமா, சுவிட்சர்லாந்தைச் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஸ்லோவேனியாவில், லூப்லியானாவில் இருக்கிறோம்.

பாஸ் வாங்கினோம். ஆனால் இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். அது தெரியாமல் ஏறி அபராதம் கட்டினோம். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்தை விடாதீர்கள் என்று சொன்னவர்களுக்குப் பெரிய கும்பிடு. இத்தாலியின் தீரானோவில் 429 மீட்டர் உயரத்தில் கிளம்பி சுவிட்சர்லாந்துக்குள் போகும் பெர்னினா மலை ரயில், செங்குத்தான ஏற்றத்துக்கு வைக்கும் பற்சக்கரம் எதுவும் இல்லாமலே 2,253 மீட்டர் வரை ஏறுகிறது. கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம். நாங்கள் அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் போனோம். வழியில் புருசியோ என்ற சுவிஸ் ஊரில் கல்பாலம் வட்டமாகச் சுற்றுகிறது. எங்கள் ரயிலின் முன்பெட்டிகளே பக்கத்தில் வளைந்து போவதை ஜன்னல் வழியே பார்த்தோம். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

விசா நாள் கணக்கு பற்றிக் கேட்டவருக்கு: குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது, அங்கே தங்கும் நாட்களும் கணக்கில் சேரும்.

அடுத்து குரோஷியாவில் ஸாக்ரெப், அப்புறம் ஸ்பிளிட். அங்கிருந்து இத்தாலியின் அங்கோனாவுக்கு இரவுக் கப்பல். கேபின் எடுக்கலாமா, வெறும் இருக்கை போதுமா? போனவர்கள் சொல்லுங்கள்.