311 மனு தள்ளுபடி ஆனால் ரிவிஷன் உண்டா, இல்லையா?

வைகைக்கரையான்:
சாட்சியை மறுபடி அழைக்கக் கேட்கும் மனுவை, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 311-வது பிரிவு மனுவை, கீழ்க்கோர்ட் தள்ளிவிட்டால் ரிவிஷனே (அந்த உத்தரவு சரியா என்று மேல்கோர்ட் பார்ப்பது) கிடையாது, தீர்ப்பு வந்தபிறகு அப்பீலில்தான் பேச வேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் போடும் எல்லா உத்தரவும் ரிவிஷன் போட முடியாத இடைக்கால உத்தரவு ஆகிவிடாது என்று 1977-லேயே மது லிமாயி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

கறுப்பு கவுன்:
எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். மது லிமாயியை முழுசாகப் படியுங்கள். கோரிக்கையை ஏற்றால் வழக்கே முடிந்துபோகும் என்றால்தான் அது இடைக்கால உத்தரவு இல்லை. சாட்சியை அழைத்தால் வழக்கு முடியுமா? 2009 சேதுராமன் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்த ரிவிஷனையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 311 தள்ளுபடி இடைக்கால உத்தரவு, இடைக்கால உத்தரவுக்கு ரிவிஷன் கூடாது என்று அதே சட்டத்தின் 397(2) தடுக்கிறது.

வைகைக்கரையான்:
அது செக் பவுன்ஸ் வழக்கு! என் கட்சிக்காரர் கொலை வழக்கில் உள்ளே இருந்தார். முக்கிய சாட்சி வந்த அன்று சீனியருக்கு உடம்பு முடியவில்லை. குறுக்கு விசாரணை ‘nil’, அதாவது எதுவும் இல்லை என்று பதிந்துவிட்டார்கள். 311 போட்டோம், தள்ளுபடி. உங்களைப் போல ஒருவர் ரிவிஷன் நிற்காது என்றார், நம்பினோம். அப்பீலில் வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள், ஆனால் அதற்குள் நான்கு வருஷம் போய்விட்டது. அதை யார் தருவார்?

மன்றாடி:
அப்பீலில் 465-வது பிரிவு வேறு நிற்கிறது. நடைமுறைப் பிழை இருந்தால் மட்டும் போதாது, அதனால் நீதி கெட்டது என்று காட்ட வேண்டும். ஆட்சேபணையை முன்கூட்டியே எழுப்பியிருக்கலாமா என்றும் பார்ப்பார்கள்.

வைகைக்கரையான்:
முன்கூட்டியே எழுப்பு என்று சட்டமே சொல்கிறது!

கறுப்பு கவுன்:
விசாரணை நீதிமன்றத்தில் எழுப்பு என்று அர்த்தம். மனு போட்டாலே அது பதிவாகிவிடும். உடனே வழி வேண்டுமென்றால், உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் 482-ல் போங்கள். அது வேறு, ரிவிஷன் வேறு.

வைகைக்கரையான்:
அப்படியென்றால் உயர் நீதிமன்றம் தலையிடலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கறுப்பு கவுன்:
ரிவிஷன் இல்லை என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

திருச்சி ஜூனியர்:
அண்ணே, 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டம் (BNSS), அதில் 311 இல்லை, 348. 482 இப்போது 528.

வைகைக்கரையான்:
தம்பி, எண் பாடம் எனக்கு வேண்டாம். அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சட்டம்தான்.

மன்றாடி:
அவர் மரியாதையாகத்தானே சொன்னார்? போன மாதம் ஜாமீன் பேச்சிலும் ஜூனியர்கள் மேல் இப்படித்தான் பாய்ந்தீர்கள்.

வைகைக்கரையான்:
ஜாமீனை ஏன் இழுக்கிறீர்கள்? பெஸ்ட் பேக்கரி வழக்கைப் பாருங்கள். 2002 குஜராத் கலவரத்தில் 14 பேர் செத்த வழக்கு. 2003-ல் 21 பேரும் விடுதலை. விசாரணை நடந்த விதமே கோளாறு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிராவில் மறுவிசாரணைக்கு அனுப்பியது. நடைமுறை என்பது உயிர்.

கறுப்பு கவுன்:
அது தீர்ப்புக்குப் பிறகு, அப்பீல் வழியாக வந்தது. நான் சொன்னதற்கே சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள்.

வைகைக்கரையான்:
சேதுராமன் செக் வழக்கு. கொலை வழக்கில் 311 தள்ளுபடிக்கு ரிவிஷன் கிடையாது என்று ஒரு தீர்ப்பைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

கறுப்பு கவுன்:
397(2)-ல் செக் என்றும் கொலை என்றும் பிரித்து எழுதியிருக்கிறதா? அந்த வரியை நீங்கள் காட்டுங்கள்.

வைகைக்கரையான்:
நான்தான் முதலில் கேட்டேன்.