சர்க்கரைத் தண்ணீரிலும் எல்இடி எரிகிறது, எங்கே தப்பு?

மணவாளக்குறிச்சி அப்பா:
மகள் ஒன்பதாம் வகுப்பு, வேதிப்பிணைப்புப் பாடம். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர், இரண்டு முனையும் சீவிய இரண்டு பென்சில். உப்புத் தண்ணீரில் பளிச்சென்று எரிந்தது, சரி. சர்க்கரைத் தண்ணீரில் எரியக் கூடாதாம். இங்கே மங்கலாக எரிகிறது. கருப்பட்டி கரைத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்! வயரை மூன்று தடவை மாற்றிவிட்டேன். "அப்போ சர்க்கரையும் அயனிச் சேர்மமா அப்பா?" என்கிறாள். என்ன சொல்ல?

ஒட்டுப்பால்:
பென்சில் முனைகள் உள்ளே ஒன்றையொன்று தொடுகிறதா பாருங்க.

மணவாளக்குறிச்சி அப்பா:
இல்லை, இரண்டு விரல் இடைவெளி இருக்கு.

தக்கலை டீச்சர்:
அண்ணே, எதுவும் கரைக்காமல் வெறும் தண்ணீரில் முக்கிப் பார்த்தீங்களா? எந்தத் தண்ணீர்?

மணவாளக்குறிச்சி அப்பா:
வீட்டுக் கிணறு டீச்சர். கடல் கூப்பிடு தூரம்தான். இப்போ பார்த்தேன், வெறும் தண்ணீரிலேயே எரியுது!

தக்கலை டீச்சர்:
அதுதான். வயர் மேல் குற்றமில்லை. கடலோரக் கிணற்றில் ஏற்கெனவே உப்பு கரைந்து கிடக்கும்.

உப்பு என்பது சோடியம் குளோரைடு. சோடியம் தன் வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடும். அது நேர் அயனி, இது எதிர் அயனி; அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு. தண்ணீரில் இரண்டும் பிரிந்து நடமாடுவதால் மின்சாரம் போகிறது. பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லுங்க: "ஒரு உப்பு மூலக்கூறு" என்று எழுதக் கூடாது. கல் உப்பில் தனி மூலக்கூறே கிடையாது. எல்லாப் பக்கமும் அயனிகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். வாய்பாடு காட்டுவது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டும்தான்.

சர்க்கரை வேறு சாதி. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், ஆக 45 அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுச் சேர்ந்த ஒரு மூலக்கூறு. கரையும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு உடையாது. மின்சுமை இல்லாததை வைத்து எல்இடி எப்படி எரியும்?

கருப்பட்டி சுத்தச் சர்க்கரை இல்லையே. அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். போதாக்குறைக்கு பனஞ்சாற்றிலேயே பொட்டாசியம் மாதிரியானவற்றின் உப்புகளும் உண்டு.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிச் செய்யுங்க. உப்புத் தண்ணீரில் ரொம்ப நேரம் ஓடவிடாதீங்க, குளோரின் வாயு வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒட்டுப்பால்:
டீச்சர், காய்ந்த உப்பில் குத்தினால் எரியாதுதானே? எங்க வீட்டில் எரிஞ்சுது.

தக்கலை டீச்சர்:
மழைக்காலத்து உப்பு கசியும் தம்பி, அந்த ஈரம் போதும். வறுத்து ஆறவிட்டுச் செய். அயனிகள் படிகத்தில் இடத்தைவிட்டு நகர முடியாது, அதனால் எரியாது. உருக்கினால் எரியும், ஆனால் 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அம்மா அடுப்பில் வேண்டாம்!

மணவாளக்குறிச்சி அப்பா:
டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். வெறும் தண்ணீரில் எரியவில்லை. சர்க்கரை போட்டதும் லேசாக மினுங்கியது, எனக்குப் பகீரென்றது. மகள்தான் கண்டுபிடித்தாள்: நான் கலக்கியது உப்பு ஜாடிக் கரண்டி. டிஸ்டில்டு வாட்டரிலேயே டம்ளரையும் கரண்டியையும் கழுவிவிட்டு மறுபடி செய்தோம். எரியவே இல்லை. அப்புறம் அதிலேயே ஒரு கல் உப்பைப் போட்டாள். கரையக் கரைய வெளிச்சம் ஏறியது. இப்போது புளித்தண்ணீர் கேட்டு அடுக்களையில் நிற்கிறாள்.