உதவி: மென்தசை சுருங்குகிறது, ஆனால் பிடித்து நிற்கவில்லை

கதிர்_எம்பார்ம்: அவசரம். நாளை காலை கைடிடம் கிராப் காட்ட வேண்டும். கரைசல் தொட்டியில் மாட்டிய திசு, மருந்து விட்டதும் நன்றாகச் சுருங்குகிறது, ஐந்தாறு நிமிடத்தில் விசைக் கோடு சரிந்து இறங்கிவிடுகிறது. மென்தசை (குடல், இரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை) மணிக்கணக்கில் பிடித்து நிற்கும் என்றுதானே படித்தோம்? மூன்று நாளாக இதே கதை. எங்கே தப்பு?

மீரா: எந்தத் திசு? எந்த மருந்து, எவ்வளவு? தொட்டியின் வெப்பநிலை என்ன? குடல் என்றால் ஏறி இறங்குவதுதான் அதன் இயல்பு. இரத்தக்குழாய் என்றால் பேச்சே வேறு.

பழைய_லேப்காரன்: எதுவாக இருந்தாலும் ஆக்சிஜன் போதவில்லை. செல்லின் எரிபொருளான ஏடிபி (ATP) தீர்ந்தால் தசை எப்படி நிற்கும்? குமிழ் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சோமு: கேள்வி கேட்பவரும் சரி, பதில் சொல்பவரும் சரி, இரண்டு பக்கம் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். தசையை இழுக்கும் மயோசின் புரதத்தின் தலை, அது பிடித்திருக்கும் ஆக்டின் புரதத்தை விட்டு விலகவே ஒரு ஏடிபி வந்து ஒட்டியாக வேண்டும். அது அடியோடு தீர்ந்தால் தசை தளராது, விறைக்கும். பிணம் விறைப்பது அதனால்தான்.

எலும்புத்தசையில் கால்சியத்தை உணரும் ட்ரோபோனின் மென்தசையில் கிடையாது. கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கைனேஸ் என்ற நொதியை எழுப்புகிறது, கைனேஸ் மயோசினின் இலகு சங்கிலியில் பாஸ்பேட் வைக்கிறது, தலை ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது. பிடித்திருக்கும்போதே பாஸ்படேஸ் என்ற நொதி வந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் தலை உடனே விடுவதில்லை. ஏடிபி அதிலிருந்து மிக மெதுவாகத்தான் வெளியேறும் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. மெதுவாக வெளியேறுவது ஏடிபி உடைந்து கிடைத்த மிச்சம், அதாவது அதில் ஒரு பாஸ்பேட் குறைந்த டைபாஸ்பேட் (ADP). இந்தத் தாழ்ப்பாள் நிலைக்குத்தான் லாட்ச் என்று பெயர். 1981-இல் மர்பியின் குழு பன்றியின் கழுத்துத் தமனியில் காட்டியது இதுதான்: பாஸ்பேட் குறைகிறது, சுருங்கும் வேகம் குறைகிறது, விசை மட்டும் அப்படியே நிற்கிறது. எலும்புத்தசைக்கு ஆகும் ஆற்றலில் 10-இல் ஒரு பங்கு முதல் 300-இல் ஒரு பங்கு வரை போதும்.

கதிர்_எம்பார்ம்: எலியின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய வளையம். பினைலெப்ரின், 1 மைக்ரோமோலார். 37 டிகிரி.

நெய்தல்: உள்சவ்வைத் தேய்த்து எடுத்தீர்களா தம்பி? அது இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு விட்டுக்கொண்டே இருக்கும், பாஸ்படேஸ் கை ஓங்கும், பிடி தளரும். நான் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

கதிர்_எம்பார்ம்: எடுத்துவிட்டேன் அக்கா. உள்சவ்வு இருந்தால் தளர்த்தும் அசிட்டைல்கோலினை விட்டுப் பார்த்தேன், துளியும் தளரவில்லை.

கடலோரம்: லாட்ச் என்று பெரிதாகச் சொல்கிறீர்கள். சிப்பி தன் ஓடுகளை மூடிக்கொண்டு கத்தியை உள்ளே விடாமல் மணிக்கணக்கில் கிடக்கிறதே, அதுவும் இதே தாழ்ப்பாள்தானே?

சோமு: இல்லவே இல்லை. அது கேட்ச். அங்கே ட்விட்சின் என்ற பெரிய புரதம் வேலை செய்கிறது. செரோடோனின் வந்து ட்விட்சினில் பாஸ்பேட் ஏறினால்தான் பிடி விடும். கால்சியம் தாழ்ந்த பிறகும் அந்தப் பிடி நிற்கும்.

கடலோரம்: ஆற்றல் அதிகம் செலவழிக்காமல் பிடித்திருப்பது இரண்டுக்கும் பொதுதானே சார். பெயர் வேறு என்பதற்காக வேறு என்கிறீர்கள்.

சோமு: பெயரைப் பற்றிப் பேசவில்லை, பூட்டு வேறு என்கிறேன்.

மீரா: சிப்பிக்குத் தனி உரையாடல் இழை தொடங்குங்கள், ஆர்வத்தோடு வருகிறேன். இப்போது தம்பியின் வளையம். சோமு சார் சொன்னது சரி, ஆனால் ஒன்று விட்டுப்போனது. லாட்ச் சும்மா நிற்காது. 1988-இல் ஹாயும் மர்பியும் போட்ட கணித மாதிரியில், பாஸ்பேட் ஏறிப் பிடித்த தலைதான் பிறகு தாழ்ப்பாளாக மாறும். தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டும் இருக்கும். புதிது வந்து சேராவிட்டால் விசை வழிந்துவிடும். அதற்குக் கொஞ்சமாவது கால்சியம் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும்.

பினைலெப்ரினின் முதல் ஏற்றத்துக்கு செல்லுக்குள் சேமித்த கால்சியம் போதும். நின்று பிடிக்கப் பெரும்பாலும் வெளிக் கால்சியம் வேண்டும். உங்கள் கோடு ஏறிவிட்டு இறங்குகிறது. பொட்டாசியம் குளோரைடு 60 மில்லிமோலார் விட்டுப் பாருங்கள், அது வெளிக் கால்சியத்தை நம்பியே சுருங்கும். அப்புறம், எந்த வாயு விடுகிறீர்கள்? கரைசல் தெளிவாக இருக்கிறதா?

கதிர்_எம்பார்ம்: பொட்டாசியத்துக்குப் பாதி கூட ஏறவில்லை. வாயு ஆக்சிஜன்தான், கலவை சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஆக்சிஜன்தானே முக்கியம் என்று இதை மாட்டினோம். கரைசல் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி லேசாக மங்கல். அது எப்போதும் இப்படித்தானோ என்று விட்டுவிட்டேன்.

மீரா: அதுதான் தம்பி. தொட்டியில் இருக்கும் கிரெப்ஸ் உப்புக் கரைசல் பைகார்பனேட்டை நம்பி நிற்பது. 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இல்லாவிட்டால் காரத்தன்மை ஏறும், கால்சியம் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிந்துவிடும். மங்கலாகத் தெரிவது உங்கள் கால்சியம். புதிதாகக் கரையுங்கள். முதலில் கலவை வாயுவை ஓட விடுங்கள், கால்சியம் குளோரைடைக் கடைசியில், கிளறிக்கொண்டே சிறிது சிறிதாகச் சேருங்கள். பிஎச் 7.4 வந்த பிறகு வளையத்தை மாட்டுங்கள்.

பழைய_லேப்காரன்: வாயுதான் காரணம் என்று நானும் சொன்னேன்.

சோமு: நீங்கள் சொன்னது ஆக்சிஜன் குறைவு. இங்கே குறைந்தது கார்பன் டை ஆக்சைடு.

கதிர்_எம்பார்ம்: பக்கத்துத் துறையில் சிலிண்டர் கடன் வாங்கினேன். கரைசல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. 25 நிமிடமாகக் கோடு இறங்கவில்லை. நன்றி அக்கா.

மீரா: மகிழ்ச்சி. பொட்டாசியத்துக்கு இப்போது எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் எழுதுங்கள்.