முதல் வேட்டை ரைஃபிள்: .308-ஆ, 6.5-ஆ, மேக்னமா?

புதுவேடன்:
உரிமத் தேர்வு தேறியாச்சு. இனி சொந்தத் துப்பாக்கி வாங்கணும். இதுவரை சின்ன .22 ரிம்ஃபயர் தோட்டாவில் காகித இலக்கு மட்டும்தான் சுட்டிருக்கேன். நான் போகப்போறது மானுக்கும் காட்டுப்பன்றிக்கும். காட்டோரம், பரண், பெரும்பாலும் அந்தி நேரம். 200 மீட்டர் தாண்டிச் சுடுற எண்ணமே இல்லை. உடம்பு 58 கிலோ, கையும் குட்டை. எந்தத் தோட்டா வகைக்கு வாங்கறதுன்னுதான் குழப்பம். கூட்டாளி ஒருத்தர் ".300 வின்செஸ்டர் மேக்னம் எடு, ஆயுசுக்கும் ஒண்ணு போதும்"ங்கிறார். இன்னொருத்தர் ".308-ஐ விட்டு வேற எதையும் பார்க்காதே"ங்கிறார். குறிபார்க்கிற தொலைநோக்கி, அதான் ஸ்கோப், அதைப் பற்றி ஒண்ணுமே தெரியாது. என்ன எடுக்கலாம்?

பழையகுழல்:
இரண்டாவது ஆள் சொன்னதைக் கேள் தம்பி. .308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. அதன் ராணுவ உடன்பிறப்பு 7.62×51-ஐ நேட்டோ 1954-ல் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கடைக்குப் போனாலும் தோட்டா கிடைக்கும். குண்டின் எடை 150 கிரெய்ன் என்றால் மான், 180 என்றால் பன்றி. குழலும் சீக்கிரம் தேயாது. மற்றதெல்லாம் இப்போதைய மோகம். இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும்.

கணக்கன்:
மோகம்னு யாரைச் சொல்றீங்கன்னு தெரியுது ஐயா. 6.5 கிரீட்மூர் 2007-ல் வந்தது. இலக்குப் போட்டிக்காகப் பிறந்ததுதான், ஒத்துக்கறேன். ஆனா நீளமான, மெலிந்த குண்டு காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போகும், பக்கக்காற்று அடிச்சாலும் குறைவாத்தான் விலகும். அதைவிட முக்கியம் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளுறது. சுமார் மூன்றரைக் கிலோ ரைஃபிளில் வெச்சுப் பார்த்தா .243 ஏறத்தாழ 12 ஜூல், 6.5 சுமார் 16, .308 சுமார் 21, .300 மேக்னம் 35-ஐத் தாண்டும். 58 கிலோ ஆளுக்கு எது சரின்னு இதிலேயே தெரியலையா?

பழையகுழல்:
காற்றுக் கணக்கெல்லாம் 400, 500 மீட்டருக்கு. தம்பிதான் 200-க்கு மேல் சுடமாட்டேன் என்கிறாரே. இரண்டையும் 200-ல் ஜீரோ செய்துவிட்டு, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு, 300-ல் பார். இரண்டு குண்டும் ஒரு சாணுக்குச் சற்று மேல் இறங்கும். வித்தியாசம் இரண்டு விரல் அகலம்கூட வராது. மானின் நெஞ்சுக்கூடு அதைவிடப் பெரிது.

கணக்கன்:
சரி, 200 மீட்டரில் ரெண்டும் ஒண்ணுன்னே வெச்சுக்குவோம். அப்படின்னா கூடுதலா அஞ்சு ஜூல் உதையை எதுக்குத் தோளில் வாங்கணும்? உங்க வாதமே என் பக்கம்தானே சாயுது.

ஒரேபோடு:
ரெண்டு பேரும் பூச்சி விரட்டுற பேச்சு பேசறீங்க. பன்றி ஒண்ணும் காகிதம் இல்லை. .300 மேக்னம் 1963-லிருந்து இருக்கு. தோள் எலும்பில் பட்டாலும் உள்ளே போகும். முதல் தடவையே பெருசா வாங்கிட்டா, அப்புறம் மாத்த வேண்டிய வேலையே இல்லை. உதை பழகிடும்.

சாரல்:
"உதை பழகிடும்"ங்கிறதை வாரவாரம் கேக்கறேன். நான் சுடுதளத்தில் புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி கொடுக்கறவள். போன மாசம் ஆறடி ஆள் ஒருத்தர் மேக்னத்தோட வந்து, "எனக்கு உதையே தெரியாது"ன்னு சொல்லிட்டு மேசையில் உட்கார்ந்தார். மேகசினை நான் நிரப்பினேன், அவரைப் பார்க்க விடலை. மூணாவதா வெடிக்காத டம்மி தோட்டா ஒண்ணு. ரெண்டு வெடி வெடிச்சுது. மூணாவதுக்கு விசை 'டிக்'குன்னு விழுந்துது, வெடிக்கலை. குழல்முனை ஒரு விரற்கடை கீழே குத்தி நின்னுது. கண் இறுக்கி மூடியிருந்துது, தோள் முன்னால் தள்ளியிருந்துது. அவரே சிரிச்சுட்டார். வெடிச்ச குண்டுகள் ஏன் எப்பவும் இடதுகீழே போச்சுன்னு அப்பதான் அவருக்குப் புரிஞ்சுது.

இது கோழைத்தனம் இல்லை, உடம்பு தானா செய்யறது. ஒருதடவை ஒட்டிக்கிட்டா உதற மாசக்கணக்கில் ஆகும். அதனால முதல் துப்பாக்கிக்கு என் ஓட்டு .243 வின்செஸ்டர். 1955-ல் வந்தது. .308-இன் கேஸை, அதாவது வெடிமருந்து இருக்கிற உறையை, கழுத்து குறுக்கிச் செஞ்சதுதான்.

ஒரேபோடு:
.243-ல் பன்றியா? நல்லா இருக்கே!

ஆந்தைவிழி:
இந்த இடத்தில் ஒரேபோடு சொல்றதில் கொஞ்சம் நியாயம் இருக்கு. சட்டம் என்ன சொல்லுதுன்னு யாருமே கேக்கலையே. ஜெர்மனியில் பன்றிக்கும் செம்மானுக்கும் குண்டு குறைந்தது 6.5 மி.மீ., 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல் இருக்கணும். .243-இன் குண்டு 6.2 மி.மீ.தான், சட்டப்படி தேறாது. இங்கிலாந்தில் பெரும்பாலான மான்களுக்குக் குறைந்தபட்சம் .240 அங்குலம், அங்கே தேறும். புதுவேடன், முதல்ல உங்க ஊர்ச் சட்டத்தில் எல்லை எங்கேன்னு பாருங்க. உங்க எல்லை ஜெர்மனி மாதிரி இருந்தா .243 பேச்சு அங்கேயே முடிஞ்சுது.

சாரல்:
பன்றின்னு அவர் எழுதினதை நான் கவனிச்சிருக்கணும். .243-ஐத் திரும்ப எடுத்துக்கறேன். பன்றிக்கு அது தப்புக்கு இடம் விடாத தோட்டா, கை தேர்ந்தவங்களுக்குத்தான். ஆனா மேக்னத்துக்கு நான் போகமாட்டேன். பெரிய தோட்டாவைவிடச் சரியான இடத்தில் படறதுதான் முக்கியம். கரமோஜோ பெல்ங்கிற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டார், அதில் பெரும்பகுதி .275 ரிக்பியில், அதாவது 7×57-ல். புலிவேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கிடைச்ச ரிக்பியும் அதே தோட்டாதான்.

ஒரேபோடு:
பெல் மூளை எங்கே இருக்குன்னு யானையை அறுத்துப் பார்த்துப் படிச்ச ஆளுங்க. நம்ம புதுவேடன் பெல்லா?

சாரல்:
இல்லைதான். அதனாலதான் நிறையச் சுட்டுப் பழகணும். மேக்னத்தில் ஒரே அமர்வில் நீங்க எத்தனை சுடுவீங்க? உண்மையைச் சொல்லுங்க.

ஒரேபோடு:
...எட்டு. பத்துன்னா தோள் வீங்கும்.

ஆந்தைவிழி:
தோட்டாவுக்கே இத்தனை பதிவு போயாச்சு. அந்தியில் வேட்டைன்னு அவர் எழுதியிருக்கார், ஸ்கோப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கலை. கையில் இருக்கிற காசில் ரைஃபிளுக்குச் செலவழிக்கிற அளவு ஸ்கோப்புக்கும் ஒதுக்குங்க. சாதாரண 3-9×40 போதும், அதாவது 3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன்லென்ஸ். முன்லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தா 4.4 மி.மீ. இருட்டில் இளவயசுக் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயசானவங்களுக்கு 5 ஆகறதே பெரிசு. அதனால அந்தியில் 9-லேயே வெச்சுக்கிட்டு "மங்கலா தெரியுது"ன்னு திட்டாம 6-க்கு இறக்கினா 6.7 ஆயிடும். அதே மான், கொம்போட தெரியும்.

56 மி.மீ. லென்ஸ்மேல ஆசை வரும். அது உயரமா உட்காரும், கன்னம் கட்டையை விட்டுத் தூக்கும். கோழி கழுத்தை நீட்டுற மாதிரி எட்டிப் பார்த்துச் சுடணும்.

கணக்கன்:
குறியைத் திருத்துற கோபுரத் திருகு வெளியில் இருக்கிற 4-16 ஸ்கோப் எடுத்தா தூரத்துக்கு ஏத்தபடி திருப்பிக்கலாமே?

ஆந்தைவிழி:
200 மீட்டருக்குள்ள எதைத் திருப்பப்போறார்? புதரில் உரசி அதுவாத் திரும்பினாத்தான் உண்டு. மூடி போட்ட திருகு, கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) கிளிக். ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகரும், அது தாராளம்.

இன்னொண்ணு, இது என் வெட்கக்கதை. ஒரு சீசன் முழுக்க எனக்கு எதுவுமே விழலை. குண்டை மாத்தினேன், தோட்டா வகையை மாத்தினேன், குழல் போச்சுன்னு புலம்பினேன். கடைசியில் ஸ்கோப்பைப் பிடிச்சு ஆட்டினா, வளையத்துக்குள்ள முடி அளவு நகருது. திருகை நான்தான் சரியா முறுக்கலை. அளவு காட்டுற திருப்புளியால குறுக்குமறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் சுமார் 9 செ.மீ. இருக்கணும். குறைஞ்சா முதல் உதையிலேயே புருவத்தில் பிறைநிலா விழும்.

புதுவேடன்:
இரண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். எங்க சட்டத்தில் பன்றிக்கு .243 ஆகாது. சாரல் அக்கா சொன்ன டம்மி சோதனையை இரவல் துப்பாக்கிகளில் செஞ்சு பார்த்தேன். 6.5-ல் இரண்டாவது சுற்றிலேயே குழல் குத்திச்சு. .308-ல் குத்தவே இல்லை! எனக்கே நம்பமுடியலை.

பழையகுழல்:
நான் சொல்லலையா?

கணக்கன்:
இருங்க ஐயா. புதுவேடன், ரெண்டு துப்பாக்கியும் எவ்வளவு எடை?

புதுவேடன்:
6.5 மலைவேட்டை ரகமாம், ஸ்கோப்போட 3.2 கிலோ. .308 பழைய மரக்கட்டை, பின்னாடி ரப்பர் திண்டு, ஸ்கோப்போட 4.3. அந்த மரக்கட்டை என் கைக்குக் குட்டையா, அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. மற்றதில் கன்னத்தை நீட்டித்தான் வைக்கவேண்டியிருந்தது.

கணக்கன்:
கணக்குப் போட்டேன். 6.5 சுமார் 17 ஜூல், உங்க .308-உம் சுமார் 17. எடை கூடக்கூட உதை குறையும், அதைக் கேக்காமலே நான் தோட்டாவை மட்டும் வெச்சுப் பேசிட்டேன். அது போக கட்டை பொருந்தினதும் சேர்ந்துக்கிச்சு. ஆனா மேடு ஏறும்போது அந்த ஒரு கிலோ உங்க தோளுக்குத் தெரியும், பார்த்துக்குங்க.

புதுவேடன்:
பரணில்தானே உட்காரப்போறேன். அதே மாதிரி மரக்கட்டையில் .308, மேலே 3-9×40. முடிவு பண்ணியாச்சு.

பழையகுழல்:
நல்லது தம்பி. குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பார். முதலில் 150 கிரெய்னில் ஒரே வகை நாலைந்து பெட்டி எடு, வகையை மாற்றினால் ஜீரோவும் மாறும். அந்த 6.5-ஐ விற்கிறார்களா என்று மட்டும் கேட்டுச் சொல். பேத்தி பழக வேண்டும் என்கிறாள்.

கணக்கன்:
ஐயா!!!